இரண்டாம் பிரதியின் எண்பத்தெட்டாம் பக்கம்

எனக்கு ஸ்பைரல் பைண்டிங் பிடிக்காது. கம்பிச் சுருளை யார் வேண்டுமானாலும் கழற்றலாம். நடுவில் ஒரு தாளை உருவிவிட்டு வேறொன்றைச் செருகி மறுபடி மாட்டிவிடலாம். எந்த ஜெராக்ஸ் கடையிலும் ஐந்து நிமிட வேலை. என் கையெழுத்துக்கு வரும் எதுவும் நூல் போட்டுத் தைத்துத்தான் வர வேண்டும் என்று எங்கள் டைப்பிஸ்ட் அம்மாவிடம் இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டேன். தைத்த பிறகும் ஒவ்வொரு பக்கத்தின் கீழே, வலது ஓரத்தில், எல்லா நடுவர்களும் சுருக்கொப்பம், அதாவது இனிஷியல், இட வேண்டும். இரண்டே எழுத்து. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் தொழிலில் பலரும் செய்வதுதான். நான் கொஞ்சம் கண்டிப்பாகச் செய்வேன், அவ்வளவுதான்.

போலீஸ் விசாரணைக்காக நீங்கள் என் முன்னால் வைத்திருக்கும் மூன்று கட்டுகளிலும் அந்த இரண்டு எழுத்துகளைத்தான் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். அதனால்தான் அதிலிருந்து ஆரம்பித்தேன். டைப்பிஸ்ட் அம்மா உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. டிக்டேஷனில் ஒரு சொல்கூட விடாதவர் அவர். அவரைத் திரும்பக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம். விட்டுப்போனதை நான் சொல்கிறேன்.

எங்கள் தொழில் உங்களுக்குப் புதிது என்றீர்கள். பெரிய ரகசியம் எதுவுமில்லை. ஒரு நாட்டுக் கம்பெனியும் இன்னொரு நாட்டுக் கம்பெனியும் ஒப்பந்தம் போடுகிறார்கள். நாளைக்குச் சண்டை வந்தால் உன் ஊர் கோர்ட்டும் வேண்டாம், என் ஊர் கோர்ட்டும் வேண்டாம், மூன்று பேரை உட்கார வைத்துக் கேட்போம் என்று அதிலேயே எழுதிவைக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நடுவர். அந்த இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பவர் தலைமை நடுவர். நாங்கள் சொல்வது தீர்ப்பு. ஆனால் எங்களிடம் போலீஸ் கிடையாது, ஜப்தி செய்ய ஆள் கிடையாது. எங்கள் தீர்ப்புக்கு உயிர் கொடுப்பது ஏதாவது ஒரு நாட்டின் நீதிமன்றம்தான். உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் நீதிபதியின் மேசைக்கு வேண்டுமானாலும் அந்தக் கட்டு போகலாம். அவருக்கு என்னைத் தெரியாது. தோற்றவனின் வக்கீல் பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்தப் பக்கம் அப்புறம் சொருகினது" என்று சொன்னால் அவர் யாரை நம்புவார்? அதற்குத்தான் அந்த இரண்டு எழுத்து.

இன்னொன்று, நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு கெடு உண்டு. இத்தனை மாதத்துக்குள் தீர்ப்பு வந்தாக வேண்டும். வராவிட்டால் எங்கள் அதிகாரம் போய்விடும். நாங்கள் மூவரும் வெறும் மூன்று கிழவர்களாகிவிடுவோம். கோர்ட்டுக்குப் போய் நீட்டிப்பு கேட்கலாம். நாங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டோம். இரண்டாம் முறை நீதிபதி என் பெயரைச் சொல்லியே, "இவரிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை, இனிமேல் கேட்க வேண்டாம்" என்றார். திறந்த நீதிமன்றத்தில், ஐம்பது பேர் முன்னால். அது எனக்கு உறைத்தது. அந்த இரண்டாவது நீட்டிப்பின் கடைசி நாள்தான் நீங்கள் விசாரிக்கும் நாள். மாலை ஐந்து மணிக்கு நடுவர் மையத்தின் கவுன்ட்டர் மூடுவதற்குள் மூன்று மூலப் பிரதிகளையும் கொடுத்தாக வேண்டும்.

வழக்கு துறைமுகத்தைப் பற்றியது. கப்பல் வரும் வழியை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தூர்வாரி ஆழப்படுத்திக் கொடுத்தது. சொன்ன ஆழம் இல்லை என்றது துறைமுகக் கம்பெனி. நான்கு வருடம், அறுபத்தொரு அமர்வு. துறைமுகக் கம்பெனி நியமித்த நடுவர்தான் எஞ்சினியர். அவர் ஓய்வு பெற்ற கடல்கட்டுமானப் பொறியாளர். நாங்கள் எல்லோரும் அவரை எஞ்சினியர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைத் தலைவரே என்பார், பாதி மரியாதை, பாதி கிண்டல். "கடலையே ஆழம் பார்த்துட்டேன் தலைவரே, உங்களத்தான் பார்க்க முடியல" என்று சாட்சிகள் முன்னாலேயே சொல்வார். எனக்கு அவரைப் பிடிக்கும். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்தவர்கள் என்று எண்ணினால் ஒரு கை விரல்களே மிஞ்சும். அதில் அவர் ஒருவர். அவருக்கு இரண்டு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

தீர்ப்பு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். மூன்று பிரதி. ஆளுக்கு அறுநூற்று முப்பத்தாறு சுருக்கொப்பம். நான் முந்தின நாளே போட்டுவிட்டேன். மற்றக் கட்சியின் நடுவரான வெளிநாட்டு வக்கீல் அன்று காலை போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார். எஞ்சினியர் மட்டும் பாக்கி. மதியம் இரண்டு இருபதுக்கு உட்கார்ந்தோம். மையத்தின் ஐந்தாவது மாடி, ஜன்னல் இல்லாத அறை. நீள மேசை, நான்கு தண்ணீர் பாட்டில், சுவரில் ஒரு கடிகாரம். நடுவர்கள் கூடும் அறைக்குள் போன் கொண்டுபோகக்கூடாது என்பது மையத்தின் விதி. வெளியே ஒரு தட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். தலைமை நடுவருக்கு மட்டும் விலக்கு. நான் பக்கத்தைத் திருப்பிக் கொடுப்பேன், அவர் எழுதுவார். டைப்பிஸ்ட் அம்மா மை காயாத தாளில் ஒற்றுத்தாள் வைப்பார். பந்தியில் பரிமாறுகிற மாதிரி வேலை ஓடிக்கொண்டிருந்தது.

முதல் பிரதியின் முப்பத்தொன்றாம் பக்கத்தில் அவர் பேனாவை வைத்தார். இடது தோளைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. காலையில பெட்டியத் தூக்கினது இழுக்குது. முடிச்சுட்டே போயிடலாம் தலைவரே."

தயவுசெய்து இந்த வாக்கியத்தை அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள். முடித்துவிட்டே போகலாம் என்று முதலில் சொன்னவர் அவர். அது சம்மதம். பிறகு அவர் அந்தச் சம்மதத்தைத் தெளிவான சொற்களில் திரும்பப் பெறவில்லை என்பதே என் நிலைப்பாடு. சில இடங்களில் தெளிவில்லாத சொற்கள் இருந்தன. அவற்றையும் சொல்கிறேன்.

எழுபதாம் பக்கத்தை ஒட்டி அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது. டைப்பிஸ்ட் அம்மா என் பக்கம் குனிந்து, "சார், அவருக்கு ரொம்ப வேர்க்குது. டாக்டர் யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். ஏசியைக் கூட்டச் சொன்னேன். கூட்டிவிட்டு வந்து மறுபடியும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை வேலையைக் கெடுக்கும் என்று தோன்றியது. "நீங்க மூணாவது மாடிக்குப் போங்க. கவுன்ட்டர்ல நாங்க வந்துட்டே இருக்கோம்னு சொல்லிட்டு அங்கேயே நில்லுங்க. நாங்க வர்ற வரைக்கும் அவங்க எழுந்து போயிடக்கூடாது" என்றேன். அவர் போனார். கதவருகே நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். ஒற்றுத்தாள் வைக்கும் வேலையையும் அதன் பிறகு நானே பார்த்துக்கொண்டேன்.

முதல் பிரதி முடிய ஐந்து பக்கம் இருக்கும்போது எஞ்சினியர் நாற்காலியில் சாய்ந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. அன்று அவர் செய்த ஒரே யோசனையான காரியம் அப்போதுதான்.

"தலைவரே, எனக்கு சரியாப் படல. மூணு கட்டுலயும் கடைசிப் பக்கத்த மட்டும் இப்பக் குடுங்க. அதுல முழுக் கையெழுத்து போட்டுத் தந்துடறேன். தீர்ப்பு ஆயிடும்ல? மிச்ச இனிஷியல நாளைக்கு ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து போடறேன்."

நான் அதை நிராகரித்தேன். காரணத்தைப் பொறுமையாகவே சொன்னேன். கடைசிப் பக்கத்தில் மூன்றாவது கையெழுத்து விழுந்த கணமே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. அதோடு எங்கள் அதிகாரமும் முடிகிறது. அதற்குப் பிறகு அவர் போடும் சுருக்கொப்பம் நடுவர் போட்டதாகாது, யாரோ ஒரு வழிப்போக்கர் போட்டதாகும். முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வந்தால்தான் கடைசிப் பக்கத்துக்கு மதிப்பு. இதில் சட்ட ரீதியாக நான் சொன்னது தப்பென்று யாராவது நிரூபித்தால் கேட்டுக்கொள்கிறேன்.

"நாலு வருஷத்துல உங்ககிட்ட ஒரு வாதத்துலயாவது ஜெயிச்சிருக்கேனா?" என்றார். சிரிக்கவும் செய்தார். பேனாவை எடுத்துக்கொண்டார்.

எனக்கு அப்போது பயமாக இருந்தது. உண்மையைச் சொல்வதென்று உட்கார்ந்த பிறகு அதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்காகப் பயப்படவில்லை. தேதிக்காகப் பயந்தேன். அவர் விழுந்துவிட்டால் அவருடைய இடத்துக்கு வேறொருவர் வர வேண்டும். புதியவர் அறுபத்தொரு அமர்வின் பதிவுகளையும் படிக்க வேண்டும், சாட்சிகளை மறுபடி கேட்கச் சொல்வார், அந்த நீதிபதி முன்னால் நான் மூன்றாம் முறையாகப் போய் நிற்க வேண்டும். நான்கு வருடம் வீண். இரண்டு கம்பெனிகளிலும் எத்தனையோ பேரின் வேலை இந்த ஒரு தீர்ப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா? நான் அவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணி எட்டுக்கு என் போன் அதிர்ந்தது. எஞ்சினியரின் மனைவி. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் விடமாட்டார். நான் எழுந்து சுவரோரம் போய்ப் பேசினேன்.

"அண்ணா, அவரு போனை எடுக்கவே மாட்டேங்கறாரு. காலையிலேயே நெஞ்ச என்னவோ பண்ணுதுன்னாரு, போகாதீங்கன்னேன். கேட்கல. நல்லா இருக்காரா?"

"போன் வெளிய தட்டுல இருக்கும்மா. அதான் எடுக்கல. எதிர்லதான் உட்கார்ந்திருக்காரு. எழுதிட்டிருக்காரு."

"ஒரு நிமிஷம் குடுங்களேன், குரலக் கேட்டுட்டு வெச்சிடறேன்."

"உள்ள பேசக்கூடாதும்மா. ஒரு மணி நேரத்துல நானே அனுப்பி வைக்கறேன்."

"நீங்க பக்கத்துல இருக்கீங்கல்ல, அது போதும்ணா" என்று வைத்துவிட்டார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எழுதிக்கொண்டுதான் இருந்தார். யாரென்று எஞ்சினியர் கண்ணாலேயே கேட்டார். வீட்டிலிருந்து, சீக்கிரம் வரச் சொல்கிறார்கள் என்றேன். தலையாட்டினார்.

இரண்டாம் பிரதியின் பின்பாதியில் எழுத்து கோட்டை விட்டு இறங்க ஆரம்பித்ததை உங்கள் கையெழுத்து நிபுணர் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். நூற்றைம்பதில் அது ஓரத்தை விட்டு நடுவுக்கு வருகிறது. நூற்றெழுபதில் இரண்டு எழுத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் திருப்பாமல் வைத்திருந்தேன். அவர் இரண்டாவது எழுத்தையும் போட்ட பிறகே திருப்பினேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி இருப்பது அதனால்தான்.

மூன்றாம் பிரதியின் நடுவில், "ஆம்புலன்ஸ்" என்றார். அந்த ஒரு சொல்தான். கேள்வியா வேண்டுகோளா என்று தெளிவில்லை. "இன்னும் கொஞ்சம்தான்" என்றேன். அப்புறம் அவர் பேசவில்லை.

நூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில் பேனா விழுந்தது. எடுத்து விரலுக்குள் வைத்தேன். மறுபடி விழுந்தது. நான் என் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் மணிக்கட்டைத் தாங்கினேன். நிபுணர் அறிக்கையில் இந்த இடத்தில் எழுத்து திடீரென்று நிதானப்படுகிறது, நோயாளிக்குச் சற்றுத் தேறியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். தேறவில்லை. அது என் கை. ஆனால் நான் தாங்கினேன், எழுதவில்லை. அந்த வித்தியாசத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய கை ஈரமாக, மிகவும் குளிர்ந்து இருந்தது. இப்போதும் எதையாவது எழுத உட்கார்ந்தால் அந்தக் குளிர் என் உள்ளங்கைக்கு வருகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று கட்டிலும் கடைசிப் பக்கங்களை வரிசையாக வைத்தேன். முழுக் கையெழுத்து. தேதி. நாலு பத்தொன்பதுக்கு வேலை முடிந்தது. அவர் தலையை மேசையில் வைத்துக்கொண்டார். மை காய்ந்ததும் கட்டுகளை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனேன்.

கவுன்ட்டரின் ஒப்புகைச் சீட்டில் நேரம் நாலு முப்பத்தொன்று. ஆம்புலன்ஸ் பதிவில் என் அழைப்பின் நேரம் நாலு முப்பத்து நாலு. இந்த வரிசையைப் பற்றி நீங்கள் நேற்று மூன்று முறை கேட்டீர்கள். ஒப்புகை வாங்கும்வரை தீர்ப்பு பாதுகாப்பாக இல்லை. வாங்கிய பிறகு நான் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. கவுன்ட்டரில் நின்றிருந்த டைப்பிஸ்ட் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டில் ஓடினார். அவருக்கு மூட்டுவலி. ஓடி நான் பார்த்ததே இல்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது அவர்தான் எஞ்சினியரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனை வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. டைப்பிஸ்ட் அம்மா மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

தோற்றது துறைமுகக் கம்பெனி. எஞ்சினியரை நியமித்தவர்களே அவர்கள்தான், இருந்தும் அவர் அவர்களுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டார். நேர்மையான மனிதர். கையெழுத்திட்ட அன்றே அவர் இறந்தார் என்று கேள்விப்பட்டு, சுய நினைவில்லாதவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், தீர்ப்பை ரத்து செய்ய வேண்டும் என்று அவர்கள் மூன்று மாதக் கெடுவுக்குள் கோர்ட்டுக்குப் போனார்கள். நீதிபதி மூலப் பிரதிகளை வரவழைத்து நிதானமாகப் புரட்டினார். மனு தள்ளுபடி. முடிவை மூவரும் கையெழுத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே பேசித் தீர்த்துவிட்டார்கள், கையெழுத்து அவருடையதுதான், தீர்ப்பு செல்லும் என்றார். தயவுசெய்து இதைப் பதிவில் மேலே போடுங்கள். என் தீர்ப்பு நின்றது. கட்டுகளை உங்களுக்கு அனுப்பச் சொல்லி நீதிபதி கடைசியில் எழுதிய பத்தி, வழக்குக்குத் தேவையில்லாதது.

அன்றைக்குக் கோர்ட்டுக்கு எஞ்சினியரின் மனைவியும் வந்திருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்து, நீதிபதி பக்கம் பக்கமாகத் திருப்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வராந்தாவில் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் போன் பண்ணினப்போ அவரு எந்தப் பக்கத்துல இருந்தாரு?"

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

"உங்களுக்கா?" என்றார். அவ்வளவுதான். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். இந்த முழு விவகாரத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். இரண்டாம் பிரதி, எண்பத்தெட்டாம் பக்கம். போனை வைத்துவிட்டு வந்து எண்பத்தொன்பதைத் திருப்பியது நான். அதற்குப் பிறகு முந்நூற்று முப்பத்தாறு பக்கம் இருந்தது.

இன்று காலை நீங்கள் சட்டப் புத்தகத்தைத் திறந்து ஒரு பிரிவை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். மூன்று நடுவர்களில் இரண்டு பேர் கையெழுத்திட்டால் போதும், மூன்றாமவர் ஏன் இடவில்லை என்ற காரணத்தை எழுதிவிட்டால் தீர்ப்பு செல்லும். சுருக்கொப்பத்தைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. இது எனக்குத் தெரியாமல் போயிருக்குமோ என்ற யோசனையில் வாசித்தீர்கள். எனக்குத் தெரியும். சட்டக் கல்லூரியில் வருடா வருடம் இந்தப் பிரிவை நடத்துகிறேன். எஞ்சினியருக்குத் தெரியாது, அவர் படித்தது கடல். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

அது மட்டுமில்லை. முதல் பிரதியில் அவர் வேர்த்துக்கொண்டிருந்தபோதே அந்த வரியை மனதுக்குள் எழுதியும் பார்த்துவிட்டேன். 'மூன்றாம் நடுவர் திடீர் உடல்நலக் குறைவால் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டதால் ஒப்பமிட இயலவில்லை.' ஒன்பது சொல். நல்ல வாக்கியம்தான். கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதி என் கையெழுத்தைப் போட்டிருந்தால் இரண்டரை மணிக்கு எல்லாம் முடிந்திருக்கும், கெடுவுக்கும் பங்கமில்லை. ஆனால் முதல் பக்கத்தில் 'நடுவர் மூவரும் ஒப்பமிட்டு ஒருமனதாக வழங்கும் தீர்ப்பு' என்று அச்சாகியிருந்தது. அதில் இரண்டு சொல்லை அடித்திருக்க வேண்டும். நாற்பத்தொரு தீர்ப்பு எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட அடித்தல் திருத்தம் கிடையாது. முதல் பக்கத்திலேயே இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது.